தவறிட்டார்னா என்ன அர்த்தம்

உக்காருங்ணா. அந்தப் பையை மட்டும் மிதிச்சுராதீங்க, உள்ள ஆப்பிளும் மாதுளையும் இருக்குது. ஆஸ்பத்திரிக்கான்னா கேக்கறீங்க? அட இல்லீங்க. கோமங்கலத்துல ஒரு அம்மா இருக்குது, என் வேலைக்கு உலை வெச்ச அம்மா. அதைப் போயிக் கும்பிட்டு, பழத்தைக் குடுத்து, ஒரு தாள்ல கையெழுத்து வாங்கிட்டு வரோணும். வாங்காம ஆபீஸ் பக்கமே தலை காட்டாதேன்னுட்டார் மொதலாளி. பத்து வருஷம் உழைச்சவனுக்கு இதுதான் மரியாதை. கருமம்.

ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. தவறிட்டார்னா என்ன அர்த்தம்?

செத்துட்டார்னா. சரி. டக்குனு சொல்லிப்போட்டீங்க. இந்தாங்க என் போனு, இங்க என்ன போட்டிருக்குது? தவறிய அழைப்பு, மூணு. அப்ப இந்த மூணும் செத்துப்போச்சுங்களா? ஏழரை பஸ்ஸு தவறிருச்சுங்கறோம், பஸ்ஸுக்குக் கருமாதி பண்றமா? சிரிக்கறீங்க. சிரிங்க. இதுதானுங்க என் கேஸு. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் பழப்பையைத் தூக்கிட்டு உடுமலைப்பேட்டை பஸ்ஸுல உக்காந்திருக்கேன்.

நான் வேலை பாக்கறது வீட்டு லிஃப்ட் கம்பெனிங்க, சிங்காநல்லூர்ல. மாடி வெச்சு வீடு கட்டறப்ப எல்லாருக்கும் தெம்பு இருக்கும். எழுவது வயசானா முட்டி போயிரும், சொந்த மாடியை அண்ணாந்து பாக்கோணும். அவிங்களுக்கு வீட்டுக்குள்ளயே, பீரோ அளவுக்கு, சின்னதா ஒரு லிஃப்ட் வெச்சுக் குடுப்போம். போன் பண்ணி விசாரிக்கறவங்களை நாங்க லீடும்போம். லீடெல்லாம் ஒரு சாஃப்ட்வேர்ல ஏறிரும். நாலு புள்ளைங்க உக்காந்து ஒவ்வொருத்தருக்கா மறுபடி போன் போட்டு, அவிங்க என்ன சொன்னாங்கன்னு ரிமார்க்ஸ் கட்டத்துல எழுதும்.

எழுதும்னு பேரு. ஒருத்தி 'நாளைக்குக் கூப்பிடோணும்'னு எழுதுவா. நாளைக்கு அவ லீவு. முடிஞ்சுது. கஸ்டமர் வேற கம்பெனியில வாங்கி, மாடிக்கும் போயிருப்பான். எனக்கு இந்த மாதிரி வேலை பாக்கறவங்களைக் கண்டாலே குமட்டும்ங்க. டீயைக் குடிச்ச டம்ளரைக் கீபோர்டு மேலயே வெச்சிட்டுப் போற ஜாதி.

அதனால நான் என்ன பண்ணினேன், டாஸ்க் ஆப் ஒண்ணு கொண்டாந்தேன். அன்னன்னைக்குச் செய்ய வேண்டிய வேலை வரிசையா அதுல நிக்கும், செஞ்சா டிக் அடிக்கோணும். அப்புறம் ஆறு ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல தனியா உக்காந்து அந்த ஆப்பையும் இந்த சாஃப்ட்வேரையும் இணைச்சேன். இங்க ரிமார்க் எழுதினா அங்க வேலை தானா முளைக்கும். அங்க எதாச்சும் எழுதினா இங்கயும் ரிமார்க்கா வந்து ஒட்டிக்கும். மனுசன் கையே படாது. பத்தரை மணியானா நம்பரை அதுவே போட்டுக் குடுக்கும், புள்ளை பேசினாப் போதும். பழைய ரிமார்க்கைப் படிக்கோணுங்கற வேலைகூட இல்லை. எடுக்கலியா, ரெண்டு நிமிஷம் விட்டு அதுவே மறுபடி அடிக்கும். அதுக்கும் எடுக்கலைன்னாத்தான் விடும்.

இருங்க, போன் கத்துது. ஒண்ணுமில்லீங்க, புதுசா ஏதோ டாஸ்க் சேர்ந்திருக்குது. பாத்தீங்களா? நான் இங்க கிணத்துக்கடவுல உக்காந்து உங்ககூடப் பேசிட்டிருக்கேன், அங்க வேலை அது பாட்டுக்கு நடக்குது. இதுக்குப் பேருதானுங்க மூளை.

இப்ப விதிக்கு வரேன். சாஃப்ட்வேருக்கு நாம விதி சொல்லிக் குடுக்கோணும். இந்த வார்த்தை வந்தா இந்த வேலையைப் பண்ணுன்னு. கஸ்டமர் போன் எடுக்கலைன்னா நம்ம புள்ளைங்க ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி எழுதும். 'தவறிய கால்', 'தவறிருச்சு', 'கால் தவறிப்போச்சு'. நான் யோசிச்சேன், எதுக்கு இத்தனை? எல்லாத்துக்கும் முன்னால நிக்கறது மூணே எழுத்து. த, வ, றி. ரிமார்க்ல 'தவறி' எங்க இருந்தாலும், அடுத்து வர்ற பத்தரைக்கு மறுபடி கூப்பிடு. அவ்வளவுதான் விதி. மூடி வெச்ச லீடா இருந்தாலும் அந்த மூணு எழுத்து விழுந்தாத் திறந்துக்கும். மொதலாளியே எந்திரிச்சு வந்து கை குடுத்தார். ஒரே மாசத்துல விட்டுப்போன கஸ்டமர் நாப்பது பேரைத் திருப்பிப் பிடிச்சோம்.

அப்பத்தான் கோமங்கலம் குழந்தைவேலு வந்தார். மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு லிஃப்ட் வேண்டாமாம், அவரு சம்சாரத்துக்கு வேணுமாம். அந்தம்மாவுக்கு முட்டி போயிருச்சு, பதினேழு படி, மாடியில காத்து நல்லா வரும், அதைக் கூட்டிட்டுப் போயி மேல உக்கார வெக்கோணும்னு அரை மணி நேரம் பேசினாராம். ஒரு வாரம் கழிச்சு இசக்கியம்மாள் மறுபடி போன் போட்டிருக்கா. இசக்கியம்மாள்ங்கறவ எங்க ஆபீஸ்ல போன் பேசற புள்ளை, திருநெல்வேலிப் பக்கம். போன் போட்டா அந்தம்மா எடுத்து, அவர் போயி மூணு நாளாச்சுன்னு சொல்லியிருக்குது. இவ என்ன எழுதோணும்? செத்துட்டார்னு எழுதோணுமா இல்லியா? 'சார் தவறிட்டார்'னு எழுதியிருக்கா.

த, வ, றி.

மறுநாள் பத்தரைக்குப் போன் போயிருச்சு. போகாம? விதி விதிதானே.

எனக்கு அருவருப்பா இருக்கறது இந்த பாஷைதானுங்ணா. ஒரு சாவை நேரா சொல்ல இதுல வழி இருக்குதா? காலமானார்ங்கறான். இயற்கை எய்தினார்ங்கறான். இறைவனடி சேர்ந்தார், போய்ச் சேர்ந்தார், இப்ப இல்லைங்கறான். செத்தவனை எல்லாம் சொல்லுவான், செத்தான்னு மட்டும் சொல்ல மாட்டான். வாங்க மாட்டேங்கறதுக்கு 'பாக்கலாம்'ங்கறான். போறேன்ங்கறதுக்கு 'போயிட்டு வரேன்'ங்கறான். திரும்பி வரவே மாட்டான், ஆனா வரேன்ங்கறான். நான் சாஃப்ட்வேருக்கு எதைன்னு சொல்லிக் குடுக்கறது? அது நம்பிருமே. நாம எழுதறதை அப்படியே நம்பற ஒரே ஜீவன் அதுதான்.

சரி, இசக்கிக்கு வரேன். ரெண்டாம் நாள் அவளே பேசினா. ரிமார்க்ல என்ன எழுதியிருக்கா தெரியுமா? 'சார் தவறிட்டார்னு நேத்தே எழுதிட்டேன்.' மூணாம் நாள் போயிருச்சு. 'இவர் தவறிவிட்டார், தயவு செய்து இனி கூப்பிட வேண்டாம்.' நாலாம் நாளும் போயிருச்சு. புத்தி இருக்கறவளா இருந்தா வார்த்தையை மாத்தியிருப்பா. இவ மாத்தலை. எங்கிட்ட வந்து, 'அண்ணாச்சி, அந்த வீட்டுக்கு இனிமே போட வேண்டாம் அண்ணாச்சி, பாவம்'னா. நான் கேட்டேன், 'அவரைச் செத்துட்டார்னு எழுதேன், உனக்கு என்ன?' 'வயசானவங்களை எப்படி அண்ணாச்சி அப்படி எழுதுறது? எங்க ஊருல அப்படிச் சொல்ல மாட்டோம்'னா. கேட்டுக்குங்க. ஊருல சொல்ல மாட்டாங்களாம். மரியாதையாம். நான் திட்டி அனுப்பிட்டேன். 'உனக்காக நாப்பது கஸ்டமரை விட முடியாது, நீ எழுதறதை மாத்து'ன்னேன்.

அப்புறம் அவ அந்த நம்பர் வந்தாலே எந்திரிச்சுப் போயிருவா. ஒருத்தி செய்யாத வேலை அடுத்தவளுக்குத் தானா மாறும், அதுவும் நான் வெச்சதுதான். மத்த மூணு புள்ளைங்களும் மாத்தி மாத்தி, 'வணக்கம், குழந்தைவேலு சார் இருக்காங்களா?'ன்னு பேசுச்சுங்க. அதுக பழசைப் படிக்கறதில்லை. தினம் ஒரு குரலு. தினம் அந்தம்மாவும் அதே பதிலைச் சொல்லும், தினம் இதுகளும் அதையே எழுதும். பத்தொம்பது நாளு.

இன்னொண்ணு. ரிப்போர்ட்டுல பாத்தேன், அந்தம்மா ஒரு நாளும் முதல் ரிங்குல எடுத்ததில்லை. எப்பவும் ரெண்டாவது தடவைதான். பக்கத்துல வெச்சுக்கிட்டே, போனாப் போகுதுன்னு எடுக்கறது. திமிருதானே? நான் அப்படித்தான் நெனச்சேன். நெனச்சு, அந்த லீடுக்குப் பக்கத்துல 'ஆர்வம் உண்டு, இழுத்தடிக்கிறார்'னுகூடக் குறிச்சு வெச்சேன்.

வாட்ஸாப் கதை வேற. கூப்பிட்டுப் பேசினதும் கம்பெனிச் செய்தி ஒண்ணு தானாப் போகும். நான் எழுதின வாசகம்தான், நல்ல வாசகம்ங்க. 'வணக்கம் குழந்தைவேலு அவர்களே! இனி மேலே போவது மிகச் சுலபம். நீங்கள் தயாரா?' லிஃப்டுக்குத்தானே எழுதினேன். கருமாதி அன்னைக்கு ஜனமெல்லாம் உக்காந்திருக்கறப்ப அந்தப் போன்ல இது வந்து, எவனோ சத்தமா வேற படிச்சிருக்கான். படிச்சவனை விட்டுட்டாங்க. எழுதினவனைப் பிடிச்சுக்கிட்டாங்க. நல்லா இருக்குதுங்களா நியாயம்?

இசக்கியை நிறுத்திட்டோம். பின்ன? டிக் அடிக்காத வேலை பதினாலு நின்னுச்சு அவ பேர்ல, எல்லாம் அந்த ஒரே நம்பரு. மொதலாளிகிட்ட லிஸ்டை எடுத்துக் காட்டினேன். போகச் சொல்லிட்டார். போறப்ப எங்கிட்ட 'போயிட்டு வரேன்'கூடச் சொல்லலை. முதல் தடவையா அந்தப் புள்ளை நேரா நடந்துக்கிச்சு.

பொள்ளாச்சி வந்துருச்சா. டீ வேணுங்களா? வேண்டாமா. சரி.

போனவ சும்மா இருந்தாளா? போன ஞாயித்துக்கிழமை பஸ்ஸைப் பிடிச்சு நேரா கோமங்கலம் போயி அந்த வீட்டுல நின்னிருக்கா, மன்னிப்புக் கேக்க. அங்க பாத்தா அந்தம்மா வலது கையில மாவுக்கட்டோட உக்காந்திருக்குது. இருபதாம் நாளு படியில விழுந்துருச்சாம்.

என்னன்னாங்க, வீட்டுல ஒரே போனு. அவரோட போனு. அது மாடி ரூம்ல அவரு கட்டிலு பக்கத்துல சார்ஜர்லயே கிடக்குது. கீழ டவர் கிடைக்கறதில்லியாம். மகன் ஒருத்தன், சிங்கப்பூர்ல வெல்டிங் வேலை. அங்க மத்தியானச் சோத்து நேரம் நம்மூருக்குப் பத்தரை. அப்பத்தான் அவன் கூப்பிடுவானாம். எல்லா நாளும் கூப்பிட மாட்டான், என்னைக்குன்னும் தெரியாது. அதனால பத்தரைக்கு அடிச்சா அந்தம்மா மகன்னு நெனச்சு ஏறும். பதினேழு படி. முட்டி போன பொம்பளை, கைப்பிடிச் சுவத்தைப் பிடிச்சு ஏறி வர்றதுக்குள்ள முதல் ரிங்கு நின்னுரும். ரெண்டாவதுல எடுக்கும். எடுத்தா, 'வணக்கம், குழந்தைவேலு சார் இருக்காங்களா?'

ஏங்க அப்படிப் பாக்கறீங்க? எனக்கு எப்படிங்க தெரியும்? போனைக் கீழ கொண்டாந்து வெச்சா என்ன? வாசல்ல டவர் கிடைக்காதா? ஒரு ஊர்ல ஒரு மனுசர் போனை எங்க வெச்சுட்டுச் செத்தார்னு நான் ரிப்போர்ட்டுல பாக்க முடியுமா?

விழுந்தது ஏறறப்ப இல்லீங்க. இறங்கறப்ப. ஏறறப்ப ஒரு ஆசையில ஏறிருதாம். இறங்கறப்பத்தான் கால் நிக்கறதில்லைன்னு இசக்கிகிட்டச் சொல்லியிருக்குது.

அவ வந்து மொதலாளிகிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டா. அதே நேரத்துல மகன் சிங்கப்பூர்ல இருந்து கடுதாசி போட்டுட்டான், கோர்ட்டுக்குப் போறேன்னு. மொதலாளி என்னைக் கூப்பிட்டார். இத்தனை நாளா கை குடுத்த மனுசன், சாஃப்ட்வேர் பாஸ்வேர்டை எங்கிட்ட இருந்து மாத்திட்டார். நான் பாக்கலாம், கை வெக்க முடியாது. 'அந்த விதியை எடுத்தியா?'ன்னார். எடுத்துட்டேன்னேன். எடுக்கலைங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, பாஸ்வேர்டை மாத்தறதுக்கு முன்னால அந்த ஒரு லீடை மட்டும் மூடிட்டு விதியை அப்படியே விட்டுட்டேன். நாப்பது கஸ்டமர் கொண்டாந்த விதி. ஒருத்தி ஒழுங்கா எழுதாததுக்கு நான் எதுக்கு எடுக்கோணும்?

'எனக்குப் புகார் எதுவும் இல்லை'ன்னு அந்தம்மா ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டாப் போதும், என் வேலை நிக்கும். வலது கை ஒடிஞ்சிருக்குதேங்கறீங்களா. யோசிச்சுட்டேன். இடது கைப் பெருவிரல் ரேகை போதும். இங்க் பேடு கொண்டாந்திருக்கேன், பழத்துக்கு அடியில இருக்குது.

இசக்கியையும் கூடக் கூட்டிட்டுப் போங்கறார் மொதலாளி. எதுக்கு? அவ வந்தா அழுவா, அந்தம்மாவும் அழும், தாளு நனையும். நான் ஒருத்தன் போதும். போனதும் என்ன சொல்லோணும்னு எல்லாம் குறிச்சு வெச்சிருக்கேன். காலைல உக்கடத்துல பஸ் ஏறறப்பவே டாஸ்க் ஆப்புல குழந்தைவேலு பேருக்குக் கீழ போட்டுட்டுத்தான் ஏறினேன். எதையும் எழுதாமச் செய்யறவன் நான் இல்லை.

இருங்க. மறுபடி கத்துது.

இதென்னங்க இது.

'குழந்தைவேலு, கோமங்கலம். மறுபடி கூப்பிடவும். இன்று பத்தரை.' இதை மூடினனே. நேத்து நானே மூடினேனுங்க. எவ எழுதினது இப்ப? இசக்கிதான் வேலையிலயே இல்லியே. இருங்க, உள்ள போயிப் பாக்கறேன். வரும், மெதுவாத்தான் வரும், இந்தப் பக்கம் டவர் சரியில்லை. த்தூ, இந்தப் புள்ளைங்களை வெச்சுக்கிட்டு...

'தவறி விழுந்த அம்மாவிடம் ரேகை வாங்க வேண்டும்.' உக்கடம், எட்டு அம்பது. எழுதியவர், நந்தகோபால்.

நான்தானுங்க.

நான்தான் நந்தகோபால்.

மணி என்னாச்சு? பத்து இருபத்தொம்பதா? இருங்க, ஆபீஸுக்குப் போடறேன். பிஸி. எப்படி பிஸியா இல்லாம இருக்கும், அந்த லைனைப் பிடிச்சுக்கிட்டு அது இந்நேரம் அடிக்கத் தயாரா நிக்கும். மொதலாளிக்குப் போடறேன். கட் பண்ணிட்டார். மறுபடி போடறேன். கட் பண்றார் மனுசன், எம் பேரைப் பாத்துக் கட் பண்றார். அந்தம்மாவுக்கே போட்டு எடுக்காதீங்கன்னு சொல்லிரலாமா?

சொல்றதுக்கு அவிங்க ஏறி வந்து எடுக்கோணுமே.

பாருங்க, 'ஒலிக்கிறது'ன்னு காட்டுது. இந்தப் பச்சைப் புள்ளிதான். அடிக்குது. எடுக்கலை. எடுக்க மாட்டாங்க, முதல் ரிங்குல அவிங்க எடுக்கறதில்லை. நின்னுருச்சு. இனி ரெண்டு நிமிஷம். ரெண்டு நிமிஷம் கழிச்சு அதுவே அடிக்கும், நான் வெச்சதுதான். மகன்னு நெனச்சு இப்ப ஏறிட்டிருப்பாங்க. கைப்பிடி வலது பக்கமாம், இசக்கி சொன்னா. வலது கையிலதானே கட்டு. எதைப் பிடிச்சு ஏறுவாங்க?

அம்மா, ஏறாதீங்கம்மா. உங்க மகன் இல்லீங்க அது. ஏறாதீங்க.

சீ. நான் எழுதின வார்த்தைங்க. எனக்கே எம் மேல அருவருப்பா இருக்குது. ஒரு சின்னப் புள்ளை வந்து பாவம் அண்ணாச்சின்னு சொன்னா. கேட்டனா?

மறுபடி அடிக்குது. எடுக்காதீங்க. எடுக்காதீங்க. எடுக்கா...

எடுத்துட்டாங்க.

பேசறாங்க. முப்பது செகண்டு. நாப்பது. வெச்சாச்சு. இசக்கி இடத்துக்கு வந்த புதுப் புள்ளை ரிமார்க் எழுதறா பாருங்க, இங்க வரும் இப்ப.

'சார் தவறிட்டாராம்.'

கேட்டீங்களா சத்தம்? நாளைக்குப் பத்தரைக்குப் போட்டுருச்சு.

நகருங்ணா. கோமங்கலம் இன்னும் எவ்வளவு தூரம்? அந்த டிரைவரை வெரசாப் போகச் சொல்லுங்க. பழமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், பையை நீங்களே வெச்சுக்குங்க. வழியை விடுங்க. அவிங்க ஏறிட்டாங்க, இனிமேத்தானுங்க இறங்கோணும்.